வலையும் வேலியும்

(பழைய மாணவன் ஒருவன்)

ஒரு பொருளைக் கைக்கொள்வது எளிது. அப்பொருளுக்குரிய சொல்லைக் கைக்கொள்வது அரிது. சொல்லை அறியாதார் பொருளை ஆளுகின்றாரல்லர். பொருளே அவரை ஆளுகின்றது. இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்றேனல்லேன். குருநகர்க் கடற்கரையிலே கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கற்றேன். நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, பழம்பெருமை பேசும் பணியைப் பிறர் என்னினும் நன்கு ஆற்றுவரென விடுத்து, அம்முதியவரிடம் யான் கற்றதை எழுதத் துணிந்தேன்.

குருநகர் யாழ்ப்பாண நகரின் தென்கரையிலே கடனீரேரியை நோக்கி அமைந்தது. முன்னாளிற் கரையூர் எனப் பெயர்பெற்றிருந்தது. எதிரே மண்டைதீவு, கிழக்கே பாசையூர். புனித யாகப்பர் ஆலயத்து மணியோசையும் வள்ளங்களின் இயந்திர ஓசையும் ஒருங்கு கேட்கும் அவ்வூர் மக்களுக்கு வலையென்பது கைத்தொழில் மட்டுமன்று. வாழ்வு முழுவதும் அதுவே. அவ்வூருக்குச் சில ஒழுங்கைகள் தள்ளி என் வீடு உளது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வீட்டிலே கம்பியில்லா இணைய இணைப்பு ஒன்று பொருத்தப்பெற்றது. கடல்கடந்து வாழும் மகனோடு முகம் பார்த்து உரையாடுதலே அதன் நோக்கம். ஒரு மாதத்துக்கெனப் பெற்ற அளவு பதினைந்து நாளிலே தீர்ந்துபோவதாயிற்று. இணைப்பை வழங்கியோரை ஐயுற்றுக் கடிதமும் எழுதினேன். மகனிடம் முறையிட்டபோது அவன், “அப்பா, என்கிரிப்ஷன் என்ன போட்டிருக்கு? பாஸ்வேட்டை மாத்தினீங்களோ?” என்றான். “மாத்தினனான்” என்றேன். “எந்தப் பாஸ்வேட்டை?” என்றான். பதிலளிக்க இயலாது விழித்தேன்.

நிகழ்ந்தது இதுவே. அப்பெட்டிக்கு இரு கடவுச்சொற்கள் உள. ஒன்று, கம்பியில்லா வலையிலே சேர்வதற்குரியது. மற்றது, பெட்டியின் அமைப்புக்களை மாற்றுவதற்குரியது. யான் பின்னதை மாற்றிவிட்டு முன்னதை மாற்றியதாக எண்ணியிருந்தேன். முன்னதோ எங்கள் தொலைபேசி இலக்கம். ஒழுங்கை முழுவதும் அறிந்தது. முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்து, மின்காந்த அலையைக் கரும்பலகையிலே எண்ணிலடங்கா முறை வரைந்த யான், நான்கு சொற்களுக்கு முன்னே எழுத்தறியாதவனாய் நின்றேன். குற்றம் இணைப்பை வழங்கியோருடையதன்று; என்னுடையதே.

இக்கதையை மறுநாட் காலை, யான் வழமையாக மீன் வாங்கும் அம்முதியவரிடம் கூறினேன். அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்:

“உந்தப் பெட்டியிலையிருந்து வாறது எங்கடை வேலியோடை நிண்டிடுமோ, மாஸ்டர்?”

“இல்லை அண்ணை, வேலிக்கு அங்காலையும் போகும்.”

“அப்ப அங்காலை நிக்கிறவன் பிடிப்பான்தானே. கடலுக்கை நிக்கிற மீனிலை ஆர் பேர் எழுதினது?”

கம்பியில்லாத் தொடர்பின் காப்பைப்பற்றி அறியவேண்டியவற்றுள் முதன்மையானது இவ்விரு வினாக்களிலும் அடங்கிவிட்டது. என் மகன் ஆங்கிலத்திற் கூறி யான் விளங்காததை, அம்முதியவர் தம் தொழின்மொழியிலே ஒரு கணத்தில் விளக்கினார். அன்று தொடங்கி என் உள்ளத்தில் வேரூன்றிய கருத்து இது: வலையமைப்புக்கும் அதன் காப்புக்கும் உரிய சொற்களைத் தமிழ் மக்களின் வாய்க்கும் மனத்துக்கும் எட்டச்செய்தல் மொழிப்பற்றினால் மட்டும் ஆற்றவேண்டிய பணியன்று, வீட்டுக்குப் பூட்டிடுதல் போன்ற பணியாகும்.

முதலில் வலையை நோக்குவோம். மீன்வலையிலே முடிச்சுக்கள் உள. முடிச்சை முடிச்சோடு தொடுக்கும் நூல்கள் உள. கணினி வலையமைப்பிலே கணினி, தொலைபேசி, அச்சுப்பொறி முதலிய ஒவ்வொன்றும் ஒரு கணு, அதுவே முடிச்சு. கணுக்களைத் தொடுக்கும் கம்பியோ அலையோ நூலாகும். இத்தகைய வலைகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிய பெருவலையே இணையம். வலையின் ஒரு நூல் அறுந்தாலும் மீன் வேறு நூல்களாற் பிடிபடுமாறு போல, ஒரு வழி அடைபட்டாலும் செய்தி மற்றொரு வழியாற் சென்றடையும்.

அச்செய்தி முழுமையாய்ச் செல்வதில்லை. ஒரு படமோ கடிதமோ சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் விடுப்பவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் பொறிக்கப்பெற்றுச் செல்கின்றது. பொதி எவ்வழியாற் செல்லவேண்டுமென முகவரியை நோக்கித் தீர்மானிக்கும் கருவியே நாம் ரூட்டர் என வழங்கும் வழிப்படுத்தி. முகவரி எவ்வாறு எழுதப்படவேண்டும், பொதி தொலைந்தால் மீண்டும் எவ்வாறு கேட்கவேண்டும் என்பவற்றை வகுத்த உடன்பாடு நெறிமுறை எனப்படும். பழைய நெறிமுறையிலே முகவரி 32 துவித இலக்கங்களால் ஆயது. ஆதலின் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமையும். உலகத்து மக்கட்டொகைக்கே அவை போதாமையின் 128 துவித இலக்கங்கொண்ட புதிய முகவரி முறை வகுக்கப்பட்டு, இரண்டும் இன்று ஒருங்கு வழங்குகின்றன.

இனி, துறை என்னும் ஒரு சொல் உண்டு. குருநகரார்க்குத் துறை யாதென யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. கணினியிலும் எண்ணிட்ட துறைகள் உள. இணையப் பக்கங்கள் வழமையாக 80ஆம் துறையிலும், மறைத்து அனுப்பப்படும் பக்கங்கள் 443ஆம் துறையிலும் வந்திறங்குகின்றன. வேண்டாத துறைகளை அடைத்து, வருவோரையும் போவோரையும் விதிப்படி ஆராய்ந்து விடுக்குங் காவலைத் தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் மொழிபெயர்த்துள்ளனர். இம்மொழிபெயர்ப்பிலே எனக்கு ஒரு தயக்கமுண்டு. ஒரு கட்டடத்தின் தீ மறு கட்டடத்துக்குப் பரவாமற் காக்குஞ் சுவரை மேனாட்டார் அறிவர்; அவர்க்கு அப்பெயர் தெளிவு. நம்மவரோ தீயாலாய சுவரென எண்ணி மயங்குவர். திருக்குறளிலே ஓர் அதிகாரத்தின் பெயராய் விளங்கும் அரண் என்னும் சொல்லே தனித்து நின்று போதிய பொருள் தரும். வகுப்பறையிலே விளக்கப்புகின், யாழ்ப்பாணத்து மாணவனுக்கு வேலியும் படலையும் போதும். கதிகால் நட்டுக் கிடுகு கட்டிய வேலி, வளவு முழுவதையும் அடைக்கின்றது. படலையிலே மட்டும் வழி விடுகின்றது. அரண் செய்யும் தொழிலும் அதுவே.

படலையிலே ஒருவர் வந்து நின்றால் நாம் இரு வினாக்களை எழுப்புகின்றோம். “ஆர் அது?” என்பது ஒன்று. இன்னாரென அறிந்தபின், அவரை விறாந்தையில் இருத்துவதா, குசினிவரை விடுவதா என்பது மற்றொன்று. முன்னது ஆளை உறுதிப்படுத்தல், பின்னது அதிகாரமளித்தல். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே என் வீட்டில் நேர்ந்த பிழையின் வேர். வலையிலே சேரும் உரிமை வேறு. வலையை ஆளும் உரிமை வேறு. விருந்தினருக்கு முன்னதைக் கொடுக்கலாம். பின்னதைக் கொடுத்தல் வீட்டின் உறுதியையே கையளித்தல் போலும்.

இதுவரை கூறியவை கம்பியுள்ள வலைக்கும் இல்லாத வலைக்கும் பொது. கம்பியில்லா வலைக்கெனத் தனியே ஓர் இடர் உண்டு. அதுவே அம்முதியவர் கண்டது. கம்பி நம் வளவுக்குள்ளே கிடக்கும். அதைத் தொட விரும்புவோன் வேலி பாயவேண்டும். வைபை எனப்படுவதோ செக்கனுக்கு ஏறத்தாழ 240 கோடி முறையோ 500 கோடி முறையோ அதிரும் வானொலி அலை. அது கிடுகையும் கல்லையும் ஊடுருவி ஒழுங்கையிலே உலாவுகின்றது. அதனை ஒழுங்கையில் நிற்போன் பெறாவண்ணம் தடுத்தல் அரிது. பெற்றாலும் பொருள் அறியாவண்ணம் செய்தல் கூடும். அவ்வாறு திறவுகோல் ஒன்றினாலே செய்தியை உருமாற்றி, அத்திறவுகோல் உடையார்க்கன்றிப் பிறர்க்கு விளங்காமற் செய்தலையே என்கிரிப்ஷன் என்கின்றனர்.

இதற்குத் தமிழிலே குறியாக்கம் என்பாரும் மறைகுறியாக்கம் என்பாரும் உளர். பின்னதே வேண்டுமென்பது என் துணிபு. ஏனெனின், எழுத்துக்களைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் முறையையும் குறியாக்கம் எனச் சிலர் வழங்குகின்றனர். அது யாவரும் படிப்பதற்காகச் செய்யப்படுவது. இது பிறர் படியாமைக்காகச் செய்யப்படுவது. நேர்மாறான இரு செயல்களுக்கு ஒரு சொல்லை வழங்கினால், மாணவன் தேர்விலே புள்ளிகளை இழப்பான். வீட்டுக்காரன் வீட்டையே இழப்பான். “மறை” என்னும் ஈரெழுத்து, சொல்லின் வாயிலிலே நின்று பொருளைக் காக்கின்றது. அவ்வீரெழுத்தைச் சிக்கனம் பண்ணுதல் தகாது.

பெயரால் விளையும் மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1997ஆம் ஆண்டிலே கம்பியில்லா வலைக்கு வகுக்கப்பட்ட முதற் காப்பு முறை டபிள்யூ. ஈ. பி. என்பது. கம்பிக்கு நிகரான மறைவு என்பதே அப்பெயரின் விரிவு. 2001ஆம் ஆண்டிலே பிளூரர், மன்ரின், ஷமீர் என்னும் மூவர் அம்முறையின் திறவுகோலைக் கண்டறியும் வழியொன்றை வெளியிட்டனர்; பின்னர் அதனைச் சில நிமிடங்களில் உடைக்கும் உபாயங்களும் தோன்றின. நிகரான மறைவென்றது பெயரளவிலே நின்றது. 2003இல் டபிள்யூ. பி. ஏ. என்னும் முறையும், 2004இல் அதன் இரண்டாம் வகையும், 2018இல் மூன்றாம் வகையும் வந்தன. இரண்டாம் வகையிலும் ஒரு குறையுண்டென 2017இலே பெல்சிய நாட்டு ஆய்வாளர் மாத்தி வான்ஹூப் காட்டினார். கருவிகளின் மென்பொருளைப் புதுப்பித்து அக்குறையைப் போக்கினர். பெயர் தந்த உறுதியை நம்பியிராது, பொருளைச் சோதித்தோரே உலகைக் காத்தனர் என்பது இவ்வரலாறு புகட்டும் பாடம்.

பொய்யரண்கள் இரண்டை ஈண்டு சுட்டுதல் வேண்டும். வலையின் பெயரைப் பிறர்க்குத் தோன்றாமல் மறைத்துவிட்டால் அச்சமில்லை என்பர் சிலர். நம் கருவிகள் வலையிலே சேரும்போது அப்பெயர் அலையிலே வெளிப்படும். கருவியோடு செவிகொடுப்போன் அதை அறிவான். தெரிந்த கருவிகளின் முகவரிகளை மட்டும் அனுமதித்தாற் போதும் என்பர் வேறு சிலர். ஒவ்வொரு கருவிக்கும் 48 துவித இலக்கங்கொண்ட முகவரி ஒன்று உளது உண்மையே. ஆயின் அது மறைக்கப்படாது அலையிலே செல்வதாலும், அதைப் பிறிதொரு கருவி தனதெனப் பூண்டுகொள்ளக் கூடுமாதலாலும், அத்தடையும் தடையாகாது. படலையிலே பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுதல் பூட்டிடுதலாகாது.

பூட்டுத்தான் யாது? நீண்ட கடவுச்சொல்லும் நல்ல மறைகுறியாக்கமுமே. இரண்டாம் வகையோ மூன்றாம் வகையோ அமைந்த வலைக்கு, வீட்டாரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பிறந்த நாளும் கலவாத கடவுச்சொல் வேண்டும். எட்டு எழுத்துக்களிற் குறைந்தவற்றை முறையே ஏற்காது. ஆயினும் எட்டோடு அமைதல் போதாது. 63 எழுத்துக்கள்வரை இடமிருத்தலின், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு ஐந்து சொற்களைக் கோத்து அமைத்தல் நினைவுக்கும் எளிது, காப்புக்கும் உறுதி. அவ்வாறே, பெட்டியை ஆளுங் கடவுச்சொல்லையும் தனியே மாற்றுதல் வேண்டும்.

பேருந்து நிலையத்திலும் உணவகத்திலும் இலவசமாய்க் கிடைக்கும் வலையிலே மற்றுமோர் இடருண்டு. அவ்வலையின் பெயரையே தன் கருவிக்குச் சூட்டி, அருகே ஒருவன் போலி வலை விரித்திருத்தல் கூடும். பெயரைக் கண்டு சேர்வோன் அவன் வலையிற் பட்ட மீனாவான். இணையப் பக்கத்திலே தோன்றும் பூட்டின் குறி ஓரளவு காக்கும். ஆயின் அக்குறி, வழியிலே பிறர் படியாரென்றும் முகவரியிலுள்ள பெயருக்குரிய தளத்தையே அடைந்தோமென்றுமே உறுதி கூறும். அத்தளத்தை நடத்துபவன் நல்லவனென உறுதி கூறாது. மூடிய வண்டியிலே பத்திரமாகச் சென்று கள்வன் வீட்டில் இறங்குதலும் உலகில் உண்டன்றோ?

இனி, சொல்லாக்கம்பற்றி எழும் இரு தடைகளுக்கு விடை கூறுவேன்.

“இவையெல்லாம் ஆங்கிலத்தில் உள, நம் மாணவர் ஆங்கிலமறிவர், தமிழ்ச் சொல் எதற்கு?” என்பர் ஒரு சாரார். மாணவன் அறிவான், அவன் தாயோ பாட்டனோ அறிவரோ? இன்று வங்கிக் கணக்கும் வெளிநாட்டுப் பணமும் தொலைபேசிக்குள்ளே புகுந்துவிட்டன. தொலைபேசியில் வந்த இரகசிய இலக்கத்தைக் குரலிலே இனிமை காட்டியவனுக்குச் சொல்லிப் பணமிழந்தோரை யான் அறிவேன். அவர் அறிவிலிகளல்லர், அவ்விலக்கம் ஒரு திறவுகோலென்பதை அவர் மொழியிலே எவரும் அவர்க்கு உரைத்திலர். பிறர் கணினியிலே உரிமையின்றி நுழைதல் இந்நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆயினும் சட்டம் களவுக்குப் பின்னே வருவது; சொல்லறிவோ களவுக்கு முன்னே நிற்பது.

“வைபை, ரூட்டர் என்பன தமிழைக் கெடுக்கின்றன, யாவற்றையும் தனித்தமிழாக்குக” என்பர் மற்றொரு சாரார். இவர்க்கு விடையாக நம் மண்ணின் வரலாற்றையே காட்டுவேன். அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இலே இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நிறுவி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கிய அவரே இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயரிட்டார். தமிழ்ச்சொல் பொருந்திய இடத்திலே தமிழ்ச்சொல். பிறசொல் தெளிவு தந்த இடத்திலே பிறசொல். நோயாளி பிழைக்கவேண்டும் என்பதே அவர் கொண்ட அளவுகோல். நமக்கும் அதுவே அளவுகோலாதல் வேண்டும். வைபை, ரூட்டர் என்பன பொருளின் பெயர்கள், மக்கள் வாயில் நிலைத்துவிட்டன, இருந்துவிட்டுப் போகட்டும். மறைகுறியாக்கம், உறுதிப்படுத்தல், அதிகாரமளித்தல் என்பனவோ செயலின் பெயர்கள். இவை விளங்காவிடின் செய்யவேண்டியது விளங்காது. இவற்றைத் தமிழாக்கியே தீரல்வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டமையினாலே நம் நாட்டிற் பௌதிகமும் இரசாயனமும் தமிழிற் கற்றல் எளிதாயிற்று. தமிழ்நாட்டாரோ இயற்பியல், வேதியியல் என வேறு வழி சென்றனர். அவ்வேறுபாடு இன்றும் தொடர்கின்றது. கணினி, கணனி, கணிப்பொறி என ஒரு பொருளுக்கு மூன்று பெயர். வலையமைப்பு என்பாரும் பிணையம் என்பாரும், வழிப்படுத்தி என்பாரும் திசைவி என்பாரும் உளர். உருவ வேற்றுமையை யான் பெருங்குற்றமாகக் கொள்ளேன். ஊருக்கு ஊர் மீனின் பெயரும் வேறுபடுகின்றது. ஒரு நூலுக்குள்ளேயே ஒரு பொருளுக்கு இரு பெயரும், இரு பொருளுக்கு ஒரு பெயரும் வழங்குதலே பொறுக்கொணாக் குற்றம். தமிழிலே இணைய முகவரி முடிவதற்கு “இலங்கை” என்னும் சொல்லே 2010இல் இடம்பெற்றுவிட்ட பின்னர், தமிழ் இத்துறைக்கு ஏலாதென்று கூறுதல் பொருந்தாது. ஏலாமை மொழியிடத்தில்லை, நம் சோம்பலிடத்து உளது.

ஆதலின், விழாக் கொண்டாடும் இவ்வாண்டிலே பழைய மாணவருக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். கட்டடங்களும் பரிசு நிதிகளும் வேண்டியனவே. அவற்றோடு, நாற்பது சொற்களுக்கு மேற்படாத சிறு கைந்நூல் ஒன்றையும் வெளியிடுவோம். வெளிநாடுகளிலே இத்துறையிற் பணியாற்றும் நம் பழைய மாணவர் பொருளைச் சரிபார்ப்பாராக. தமிழாசிரியர் சொல்லைச் செம்மை செய்வாராக. மாணவர் அதனை எடுத்துக்கொண்டு குருநகருக்கும் பாசையூருக்கும் நாவாந்துறைக்கும் சென்று, வீட்டுக்கு வீடு அமர்ந்து, பெட்டியின் இரு கடவுச்சொற்களையும் மாற்றிக் கொடுப்பாராக. செல்லும் மாணவன் ஒன்றை மறவாதிருக்க: அங்கே கற்பிக்க மட்டும் செல்கின்றானல்லன். கணு, முடிச்சு, துறை என்னும் சொற்களை அவனினும் நெடுங்காலம் ஆண்டவர் அங்கே உளர்.

என் வீட்டுப் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றியபின் அம்முதியவரிடம் சென்று கூறினேன். “சரி மாஸ்டர், மாத்தினதோடை விட்டிடாதேங்கோ. வலையெண்டா ஒவ்வொரு நாளும் பாக்கவேணும்” என்றார். அவர் மடியிலே கிடந்த வலையிலே, முதல்நாள் நண்டு கடித்த துளைகளை அன்றே அடைத்துக்கொண்டிருந்தார். நாமும் அவ்வாறே செய்வோமாக.